அறிவிக்க அறியும் உடல்

இடுப்பெலும்புக் கூட்டின் அடிவாயை, முன்னே பூப்பெலும்பு முதல் பின்னே வால் எலும்பு வரை, மூடியிருக்கும் தசைத்தொகுதிக்கு இடுப்புத்தளம் என்று பெயர். தூளி போல் சற்றே குழிந்து தொங்கும் இந்தப் பரப்பின் மேல்தான் சிறுநீர்ப்பையும் கருப்பையும் மலக்குடலும் தங்கியிருக்கின்றன. பெண்ணுடலில் சிறுநீர்வழி, பிறப்புவழி, மலவழி மூன்றும் இதை ஊடுருவி வெளியே வருகின்றன. மேலே இருப்பதைத் தாங்க வேண்டும், வழிகளை மூடிவைக்க வேண்டும், வேளை வந்தால் திறந்துவிடவும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த வேலைகளை ஒரே தசைத்தொகுதி செய்கிறது. பிரசவத்தாலோ வயதாலோ அது தளர்ந்தால் இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும், கருப்பை இறங்கும். மாறாக, ஓயாமல் இறுகிக் கிடந்தால் அடிவயிற்றில் வலி, உடலுறவில் வலி, சிறுநீரை முழுதாகக் கழிக்க முடியாத அவதி என்று வேறு வரிசைத் துன்பங்கள் வரும்.

இந்தத் தசையைக் கையால் தொட்டறிந்து, அழுத்தி, நீவி, அது இயங்கும் விதத்தை மாற்ற முயல்வது கைவழிச் சிகிச்சை. அது பலன் தருமா என்று மருத்துவம் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு அடியில் இன்னும் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. சொற்படி நடக்காத ஓர் உறுப்பு எந்த வகையில் ஒருவருக்குச் சொந்தம்? அதை நடக்கச் செய்ய இன்னொருவரின் கை ஏன் வேண்டியிருக்கிறது?

உடலின் இயக்கங்களை இச்சைப்படி நடப்பவை, இச்சையின்றி நடப்பவை என்று பிரிப்பது நெடுநாள் வழக்கம். அரிஸ்டாட்டில் விலங்குகளின் இயக்கம் பற்றிய தமது சிறு நூலின் இறுதியில் இந்தப் பிரிவினை போதாது என்று கண்டு, மூன்றாவது வகை ஒன்றையும் சேர்த்தார். இதயத் துடிப்பு இச்சைக்கு மாறாகவும் நடக்கும்; தூக்கமும் மூச்சும் இச்சைக்கு மாறானவை அல்ல, ஆனால் இச்சையால் நடப்பவையும் அல்ல. இடுப்புத்தளத்தை இந்த மூன்றில் எதில் வைப்பது என்று கேட்டால் அவர் திணறியிருப்பார். நினைத்தால் சுருக்கலாம், ஆகவே அது கைகால் தசைகளின் இனம். நினைக்காதபோதும், தூங்கும்போதும் அது தன் இறுக்கத்தை விடுவதில்லை. ஆகவே அது குடலின் இனம். இருமல் வருவதற்குக் கணநேரம் முன்பே அது இறுகிவிடுகிறது. ஒரு பெண் கையைச் சட்டென்று உயர்த்தினால், தோள்தசை இயங்கத் தொடங்கும் முன்பே இடுப்புத்தளம் இயங்கிவிடுவதை மின்பதிவுக் கருவிகள் காட்டியிருக்கின்றன. எடுத்த முடிவு தோளுக்குப் போய்ச் சேர்வதற்குள், யாரும் முடிவெடுக்காத ஒரு வேலை கீழே முடிந்திருக்கிறது.

நரம்பியலும் இந்த இரட்டைத் தன்மையை உறுதிசெய்கிறது. சிறுநீர்வழியையும் மலவழியையும் சுற்றியுள்ள வெளிச் சுருக்குத்தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு கூட்டமாக இருக்கின்றன. 1899-இல் அதை விவரித்த ஓனுஃபின் பெயராலேயே அது வழங்குகிறது. கைகால்களை இயக்கும் செல்கள் அடுத்தடுத்து மடியும் ஏ.எல்.எஸ். நோயில் இந்தக் கூட்டம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது; நோயாளி விரலை அசைக்க முடியாத நிலையிலும் சிறுநீரை அடக்க முடிகிறது. இரத்த அழுத்தம், வியர்வை போன்ற தன்னியக்கச் செயல்களைச் சிதைக்கும் வேறொரு நோயிலோ இதே செல்கள் மடிகின்றன. இச்சைத் தசையை இயக்கும் செல்கள், இச்சையற்ற நரம்புகளின் கூட்டத்தோடு சேர்ந்து சாகின்றன. எல்லைக்கோடு எங்கே என்று கேட்டால், அந்தச் செல்களின் மேலேயே அது போகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

உடல் சொற்படி கேளாததைச் சமயச் சிந்தனையில் மிகக் கூர்மையாகப் பேசியவர் அகஸ்டின். 413-க்கும் 426-க்கும் இடையில் அவர் எழுதிய 'கடவுளின் நகரம்' நூலின் 14-ஆம் பகுதியில் இது வருகிறது. மனிதன் கடவுளுக்குக் கீழ்ப்படியாமல் போனதற்குத் தண்டனையாக, மனிதனின் உடல் மனிதனுக்குக் கீழ்ப்படியாமல் போயிற்று என்பது அவர் வாதம். வீழ்ச்சிக்கு முன் பிறப்புறுப்புகளும் கையைப் போல இச்சைக்கு அடங்கியே இருந்திருக்கும் என்கிறார். அது நடக்கக்கூடியதே என்று காட்ட, காதை ஆட்டுபவர்கள், வயிற்றுக் காற்றை விரும்பிய ஓசையோடு வெளிவிடுபவர்கள் என்று தம் காலத்து வித்தைக்காரர்களைச் சாட்சிக்கு அழைக்கிறார். ஒரு பேராயர் இத்தனை பொறுமையாக இந்தப் பட்டியலைத் தொகுத்திருப்பது இன்றும் வாசகரைச் சற்றுப் புன்னகைக்க வைக்கும். அவர் மனத்தில் இருந்தது பெரும்பாலும் ஆணின் காமம். பிரசவம் கண்ட பெண்ணின் தசைகள் அவர் பார்வைக்குள் வரவில்லை. ஆனாலும் அவர் வகுத்த சட்டகம் பெண்ணின் மீதுதான் அதிகம் படிந்தது. அடங்காத உறுப்பு என்பது குற்றத்தின் அடையாளம். அதை மறைப்பதே மரியாதை. சிறுநீர் கசிவதை மருத்துவரிடம்கூடச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் மறைக்கும் பெண்கள் அகஸ்டினைப் படித்தவர்கள் அல்லர். அவர்களுடைய கூச்சம் அவர் வாதத்தோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

கீழ்ப்படியாமை என்ற இந்தக் கணிப்பு சரியா என்று சோதிக்க மருத்துவத்தில் ஒரு நல்ல இடம் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கேகல், பிரசவத்துக்குப் பின் தளர்ந்த இந்தத் தசைகளைப் பயிற்சியால் மீட்கலாம் என்று 1948-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன்பே, 1936-இல், பிரிட்டனின் நடனக் கலைஞரும் இயன்முறைப் பயிற்சியாளருமான மார்கரெட் மாரிஸ் இத்தகைய பயிற்சிகளை எழுதியிருந்தார். ஆயினும் பெயர் கேகலுக்கே நிலைத்தது. பெயர் நிலைத்த அளவுக்கு முறை நிலைக்கவில்லை. பல பெண்களுக்கு இந்தத் தசையைப் பற்றிய உணர்வே இல்லை என்பதைக் கண்ட கேகல், முதலில் விரலால் தொட்டுத் தசையை இனங்காட்டினார். பின்பு பெரினியோமீட்டர் என்று தாம் பெயரிட்ட காற்றழுத்தக் கருவியைக் கொடுத்து, சுருக்கும்போதெல்லாம் முள் நகர்வதைப் பெண்ணே பார்க்கும்படி செய்தார். பிற்காலத்தில் விரலும் கருவியும் கழன்றுபோய், "சிறுநீரை அடக்குவது போல இறுக்குங்கள்" என்ற ஒரு வரி அறிவுரை மட்டும் மிஞ்சியது.

அந்த ஒரு வரி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 1991-இல் பம்ப் என்பவரும் சக ஆய்வாளர்களும் அளந்தார்கள். 47 பெண்களுக்கு வாய்மொழியாகச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்து, பிறகு கருவியால் சோதித்தார்கள். சரியாகச் செய்தவர்கள் 49 விழுக்காடு. 25 விழுக்காட்டினர் செய்த முறை, சிறுநீர்க் கசிவைக் குறைப்பதற்குப் பதில் கூட்டக்கூடியதாக இருந்தது. இறுக்குவதாக நினைத்து அவர்கள் வயிற்றை அமுக்கிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்கள். இங்கே அகஸ்டினின் வாதம் ஆட்டம் காண்கிறது. இந்தப் பெண்களின் இச்சை தெளிவாக இருந்தது, முயற்சியும் முழுமையாக இருந்தது, உடலும் ஒன்றைச் செய்தது. ஏவிய ஆளுக்கே ஏவல் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. அடங்காமை அல்ல இது; அறியாமை.

முறையாகக் காட்டிக்கொடுத்துப் பயிற்சி அளித்தால் நிலைமை பெரிதும் மாறுகிறது. 31 ஆய்வுகளையும் 1,817 பெண்களையும் தொகுத்த 2018-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வில், அழுத்தத்தால் சிறுநீர் கசியும் பெண்களில் இடுப்புத்தளப் பயிற்சி பெற்றோரில் 56 விழுக்காட்டினர் குணமானதாகச் சொன்னார்கள். பெறாதவர்களில் 6 விழுக்காட்டினர். உடற்பயிற்சி என்ற எளிய வகைக்குள் வரும் எதற்கும் இத்தனை பெரிய வேறுபாடு கிடைப்பது அரிது.

கையின் வரலாறு கேகலுக்கும் முந்தையது. ஸ்வீடனில் பெர் ஹென்ரிக் லிங் 1813-இல் ஸ்டாக்ஹோமில் நிறுவிய உடற்பயிற்சிக் கழகத்தின் மரபில் வந்தவர் தூர் பிராண்ட். மருத்துவர் அல்லர், ராணுவ அதிகாரி. 1860-களில் இருந்து கருப்பை இறக்கத்துக்குக் கையால் சிகிச்சை அளித்தார். ஒரு கை உள்ளே, மறு கை அடிவயிற்றின் மேல்; இரண்டுக்கும் இடையில் கருப்பையைப் பற்றி உயர்த்துவதும், சுற்றியுள்ள திசுக்களை வட்டமாக நீவுவதும் அவர் முறை. அத்துடன் எதிர்விசைக்கு எதிராக முழங்கால்களை விரிப்பது, சேர்ப்பது, இடுப்புத்தளத்தை மேலே இழுப்பது போன்ற பயிற்சிகளையும் சேர்த்தார். மருத்துவ உலகம் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தது. 1886-87-இல் ஜெர்மனியின் யேனா நகரில் பெர்ன்ஹார்டு ஷுல்ட்ஸவின் மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் செய்து காட்டிய பிறகே ஐரோப்பிய மகப்பேறு மருத்துவர்கள் பலர் அவர் முறையை எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் அறுவைச் சிகிச்சை வளர, நீவுதல் பின்தள்ளப்பட்டது. அந்தக் காலத்து மருத்துவர்கள் பெண்களின் 'ஹிஸ்டீரியா'வைக் கையால் உச்சமடையச் செய்து தீர்த்தார்கள், அதிலிருந்தே மின் அதிர்வுக் கருவி பிறந்தது என்று ஒரு கதை 1999-இல் வெளியான ஒரு நூலால் உலகம் முழுவதும் பரவியது. 2018-இல் அதன் சான்றுகளைத் தேடிப் பார்த்த ஆய்வாளர்கள் அந்த முடிவைத் தாங்கும் ஆதாரம் எதையும் காணவில்லை. பெண்ணுடலை ஆணின் கை தொட்ட வரலாறு என்றால் சுவையான கதைக்கே முதலில் காது கொடுக்கப்படுகிறது.

கைவழிச் சிகிச்சைக்குச் சமயச் சாயல் தந்தவர் அமெரிக்கரான ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் மகன். 1874-இல் ஆஸ்டியோபதி என்ற தம் முறையை அறிவித்து, 1892-இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் பள்ளி தொடங்கினார். கடவுள் படைத்த உடலில் குறை இருக்க முடியாது, மருந்தும் அதற்குள்ளேயே உண்டு, கையின் வேலை தடையை நீக்குவது மட்டும் என்பது அவர் நம்பிக்கை. அகஸ்டினுக்கு உடல் கலகக்காரன் என்றால் ஸ்டிலுக்கு அது பழுதில்லாத இயந்திரம், எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது. இந்தப் படத்திலிருந்துதான் இன்றைய கைவழிச் சிகிச்சைகளின் பேச்சுமொழி பிறக்கிறது: முடிச்சை அவிழ்ப்பது, ஒட்டிக்கொண்ட சவ்வைப் பிரிப்பது, இறுகியதை இளக்குவது.

கையால் சவ்வை இளக்க முடியுமா என்று கணக்கிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2008-இல் வந்தது. சுவையான செய்தி என்னவென்றால், அது வெளியானது ஆஸ்டியோபதி மருத்துவர் சங்கத்தின் இதழிலேயே. தொடையின் பக்கவாட்டுச் சவ்வும் பாதத்தின் அடிச்சவ்வும் சிறிதளவேனும் உருமாற வேண்டுமானால், கைச்சிகிச்சையில் பயன்படுத்துவதைவிட மிகப் பெரிய விசை தேவை என்று சௌத்ரியும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். ஆனாலும் சிகிச்சையாளரின் விரலின் கீழ் இறுகிய இடம் தளர்வது உண்மை; அதைத் தொடுபவரும் உணர்கிறார், தொடப்படுபவரும் உணர்கிறார். திசு உருமாறியிருக்க வாய்ப்புக் குறைவு என்றால், மாறியது தசையின் இறுக்கம். அதாவது தண்டுவடமும் மூளையும் அந்தத் தசைக்கு அனுப்பிக்கொண்டிருந்த செய்தி. கை பேசுவது இறைச்சியோடு அல்ல, நரம்போடு. இயந்திரம் என்ற படம் இங்கே உதிர்ந்துவிடுகிறது. இயந்திரத்தில் திருகைத் தளர்த்தினால் அது தளரும், அதற்குச் செய்தி தேவையில்லை.

செய்தி என்று சொன்ன உடனே எதிர்க்கேள்வி வரும்: அப்படியானால் இது வெறும் நம்பிக்கைதானே? இதற்கு நேர்மையான விடை சொல்ல முயன்ற ஆய்வு ஃபிட்ஸ்ஜெரால்டு குழுவினருடையது, 2012-இல் வெளியானது. சிறுநீர்ப்பை வலியோடு இடுப்புத்தளத்தில் தொட்டால் வலிக்கும் இடங்களும் இருந்த 81 பெண்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். இரு குழுவினருக்கும் பயிற்சி பெற்ற இயன்முறைச் சிகிச்சையாளர்களே. இரு குழுவினருக்கும் திட்டமிட்ட பத்து அமர்வுகள். ஒரு குழுவுக்கு இடுப்பு, அடிவயிறு, இடுப்புத்தளம் ஆகியவற்றின் தசைகளையும் இணைப்புத் திசுவையும் குறிவைத்த சிகிச்சை. மறு குழுவுக்கு உடல் முழுவதற்கும் பொதுவான மசாஜ். நிலைமை கணிசமாகத் தேறியது என்று முதல் குழுவில் 59 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 26 விழுக்காட்டினரும் சொன்னார்கள். எண்களை இத்தோடு நிறுத்துவது சிகிச்சையாளர்களுக்கு வசதியாக இருக்கும். ஆனால் வலியின் அளவு, சிறுநீர் அவசரம், கழிக்கும் தடவைகள் ஆகியவற்றைத் தனித்தனியாக அளந்தபோது இரு குழுக்களிலும் குறைவு தெரிந்தது; குழுக்களுக்கு இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த முடிவைத் தோல்வி என்றோ வெற்றி என்றோ அவசரமாக முத்திரை குத்துவது பொருளைத் தவறவிடுவதாகும். மாத்திரையில் போலியை உண்டாக்கலாம். தொடுதலில் போலி என்பது என்ன? தொடப்படும் பெண்ணுக்குத் தாம் எங்கே தொடப்படுகிறோம் என்பது தெரியும், தொடுபவருக்கும் தெரியும். அந்த அறிவை நீக்கிவிட்டுச் சிகிச்சையை மட்டும் தனியே அளக்கலாம் என்பது, சிகிச்சை அந்த அறிவுக்கு வெளியே இருக்கிறது என்ற முன்முடிவின் மேல் நிற்கிறது. இடுப்புத்தளத்தைப் பொறுத்தவரை அந்த முன்முடிவே ஐயத்துக்குரியது. தசையை அறிவது சிகிச்சைக்கு முன் நடக்கும் ஆயத்தம் அல்ல. பெரும்பகுதி சிகிச்சையே அதுதான்.

இறுக்கத்தின் பக்கம் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. 2001-இல் வான் டெர் வெல்டே, எவரார்டு ஆகிய இரு டச்சு ஆய்வாளர்கள், பிறப்புவழி இறுகிக்கொள்ளும் தொல்லை உள்ள பெண்களுக்கும் இல்லாத பெண்களுக்கும் திரைப்படத் துண்டுகளைக் காட்டினார்கள். அச்சுறுத்தும் காட்சிகளின்போது இரு சாராரின் இடுப்புத்தளமும் இறுகியது. கூடவே கழுத்தும் தோளும் சேரும் இடத்துத் தசையும் இறுகியது. காட்சியில் பாலியல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அச்சமே கணக்கு. அதாவது இந்த இறுக்கம் ஒரு பெண்ணின் தனிப்பட்ட கோளாறு அல்ல. உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் பொதுவான செயல். அதை விட்டுவிடு என்று ஆணையிட முடியாது. சுருக்குவது ஒரு செயல். தளர்த்துவது செயல் அல்ல, ஒரு செயலை நிறுத்துவது. தான் செய்துகொண்டிருப்பதே தெரியாத ஒன்றை ஒருவர் எப்படி நிறுத்துவார்? முயன்று தளர்த்தப் பார்த்தால் முயற்சியே இன்னொரு இறுக்கமாகிவிடும்.

யோக மரபு இந்த முடிச்சை நன்றாக அறிந்திருந்தது. பதஞ்சலியின் யோக சூத்திரம் இரண்டாம் பாதத்தில் ஆசனம் கைகூடுவதற்கு முயற்சியைத் தளர்த்துவதைச் சாதனமாகச் சொல்கிறது. ஆனால் அதே பெரும் மரபின் பிற்கால ஹட யோகம் இடுப்புத்தளத்தைப் பொறுத்தவரை வேறு திசையில் போயிற்று. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹட யோகப் பிரதீபிகையின் மூலபந்தம், குதிகாலால் அடிப்பகுதியை அழுத்தி, மலவாயைச் சுருக்கி, கீழ்நோக்கிச் செல்லும் அபான வாயுவை மேலே ஏற்றச் சொல்கிறது. இன்றைய யோகா வகுப்புகளில் இதையே கேகல் பயிற்சியின் முன்னோடி என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். தசை ஒன்றுதான், நோக்கம் ஒன்றல்ல. ஆயுர்வேதத்தில் மலம், சிறுநீர், மாதவிலக்கு, கரு ஆகியவற்றை வெளியேற்றுவது அபானத்தின் தொழில். அதைத் திருப்பி ஏற்றுவது துறவியின் இலட்சியமாக இருக்கலாம். பிரசவிக்கும் பெண்ணுக்கு வேண்டியது அதன் நேர்மாறு. பெரும்பாலும் ஆண் சாதகரை முன்வைத்து எழுதப்பட்ட ஒரு சாத்திரத்தை, தளர்த்தக் கற்க வேண்டிய பெண்ணுக்கு அப்படியே மருந்தாக எழுதிக் கொடுப்பது பொருந்தாது. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை மேலும் இறுக்கும் பயிற்சி வலியைக் கூட்டவும் கூடும்.

கீழ்ப்படியாமை, பழுது என்ற இரண்டு கணிப்புகளும் போதவில்லை என்றால், அறியாமை என்ற மூன்றாவதை நன்கு ஆராய்ந்த மரபு எது? சைவ சித்தாந்தம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதம் உயிரின் அறிவைப் பற்றித் தனித்தன்மையான ஒரு நிலைப்பாட்டை எடுக்கிறது. உயிர் சடம் அல்ல. அதற்கு அறியும் ஆற்றல் உண்டு. ஆனால் தானாகவே அறிந்துவிடும் முழு அறிவும் அல்ல. அறிவித்தால் அறிவது அதன் இயல்பு. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருக்கிறது. இருட்டில் அது பார்ப்பதில்லை. விளக்கு கண்ணுக்குப் பார்வையைக் கொடுப்பதில்லை, இருக்கும் பார்வை வெளிப்பட உதவுகிறது. நூலின் ஐந்தாம் சூத்திரம் இன்னும் ஒரு படி போகிறது: ஐம்பொறிகள் உயிரின் துணையால் பொருள்களை அறிந்தும், தம்மையோ தம்மைச் செலுத்தும் உயிரையோ அறிவதில்லை, அவ்வாறே உயிரும் தன்னை அறியச்செய்யும் சிவத்தை அறியாமல் இருக்கிறது. உடலும் கருவிகளும் இந்த மரபில் தண்டனை அல்ல. தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும், ஆணவத்தால் மறைப்புண்ட உயிரின் அறிவு கொஞ்சமாவது விளங்கும்படி தரப்பட்டவை. அகஸ்டினின் கதையில் உள்ளது போன்ற ஒரு தொடக்கக் குற்றம் இங்கே இல்லை, மறைப்பு அநாதி.

சித்தாந்தம் பேசுவது முத்தியை, தசையை அல்ல. சிகிச்சையாளரின் விரலைச் சிவனின் அருளுக்கு ஒப்பிடுவது அந்த நூலுக்கும் அநீதி, சிகிச்சையாளருக்கும் சங்கடம். எடுத்துக்கொள்ளத்தக்கது அறிவைப் பற்றிய அதன் அமைப்பு மட்டுமே. ஆற்றல் உண்டு, ஆனால் காட்டப்பட வேண்டும். காட்டுவது ஆற்றலைத் தருவதாகாது. காட்டப்பட்டபின் அறிவது உயிரே அன்றி, காட்டியவர் அல்லர். இடுப்புத்தளச் சிகிச்சையில் நடப்பதும் இந்த வரிசைதான். கண்ணுக்குத் தெரியாத, தோலுக்கு மேலே அசைவு காட்டாத, சொல்லில் அடங்காத ஒரு தசையின் மேல் விரல் வைக்கப்படுகிறது. "இங்கே" என்று அது சொல்கிறது. அந்த இடத்தை உணர்ந்த பின் சுருக்குவதோ விடுவதோ அந்தப் பெண்ணின் செயல். சிகிச்சையாளரால் அவருக்குப் பதிலாக ஒரு இழைகூடத் தளர்த்த முடியாது. மூச்சை உள்ளே இழுக்கும்போது உதரவிதானம் இறங்க, இடுப்புத்தளமும் சற்று இறங்குகிறது. அந்த இறக்கத்தைக் கவனிக்கச் சொல்வதே பல சமயம் முதல் பாடமாக இருப்பதற்குக் காரணம், அது ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பது. செய்ய வேண்டியதில்லை, அறிய மட்டும் வேண்டும்.

காட்டுவதற்கு எல்லை உண்டு. டிலான்சியும் சக ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட எம்.ஆர்.ஐ. ஆய்வில், முதல் குழந்தையைப் பிறப்புவழியாகப் பெற்ற பெண்களில் 20 விழுக்காட்டினருக்கு இடுப்புத்தளத்தின் பகுதியான லெவேட்டர் ஏனை தசையில் குறைபாடு தெரிந்தது. பிள்ளை பெறாத பெண்களில் ஒருவருக்கும் இல்லை. பூப்பெலும்பிலிருந்து பிய்ந்துபோன தசையை எந்த நீவலும் திரும்ப ஒட்டவைக்காது. அங்கே அறியாமை இல்லை, காயம் இருக்கிறது. எல்லாவற்றையும் உணர்வின் குறை என்று சொல்லும் சிகிச்சையாளர், எல்லாவற்றையும் இச்சையின் குறை என்ற அகஸ்டினின் தவற்றை வேறு பெயரில் செய்கிறார்.

இன்னும் கடுமையான எல்லை ஒன்று இந்த அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. "உன் உடல் உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்பது சிகிச்சையின் வாக்கியம் மட்டுமல்ல. அத்துமீறலின் வாக்கியமும் அதுவே. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், இடுப்புத்தளத்துக்கான ஆஸ்டியோபதிச் சிகிச்சை என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் சிறுமிகளையும் இளம்பெண்களையும் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார். 2014-இல் ஒரு பெண் புகார் செய்தபோது, அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் விசாரணை, அவரை அறிந்த வல்லுநர்களைக் கேட்டு, அது முறையான மருத்துவமே என்று முடித்தது. 2018 ஜனவரியில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் பேசிய பின் அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறை விதிக்கப்பட்டது. அந்தப் பெண்களில் பலர் அப்போதே ஏதோ தவறு என்று உணர்ந்திருந்தார்கள். வல்லுநரின் அறிவு தம் உணர்வைவிட மேலானது என்று பிறர் சொன்னதால் அந்த உணர்வை அடக்கிக்கொண்டார்கள். அறியாமை என்ற கணிப்பு, தொடப்படுபவரின் அறிவை வாயடைக்கப் பயன்படும்போது என்னவாகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

ஆகவே காட்டுதலை அபகரித்தலிலிருந்து பிரிப்பது எது என்ற கேள்வி ஒழுக்க விதிமுறைகளின் ஓரத்துக்குரியது அல்ல. அது இந்தச் சிகிச்சையின் தத்துவத்துக்கே உரியது. அனுமதி ஒருமுறை கையெழுத்திட்டுக் கொடுக்கப்படுவதாக இருந்தால் போதாது. விரல் ஒவ்வொரு முறை நகரும்போதும் அது புதிதாகக் கேட்கப்பட வேண்டும், எந்தக் கணத்திலும் மறுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இது மென்மைக்காகச் சேர்க்கும் மரியாதை அல்ல. அச்சுறுத்தல் இந்தத் தசையை இறுக்குகிறது என்று ஆய்வு காட்டியிருக்கிறது. விருப்பமின்றித் தொடும் கையின் கீழ் அது தளராது. மற்றொரு அளவுகோல், அறிவு கைமாறுகிறதா என்பது. காட்டியவரையே நிரந்தரமாகச் சார்ந்திருக்கச் செய்யும் சிகிச்சையில் ஏதோ ஒன்று பிசகியிருக்கிறது. சித்தாந்தத்தில் உயிர் எந்நாளும் சிவத்தைச் சார்ந்ததே; மனிதக் கைக்கு அந்தச் சலுகை இல்லை.

அறிவு முழுதாகக் கைமாறிய ஒரு வடிவம் மகப்பேற்றில் உண்டு. கருவுற்ற 34 அல்லது 35-ஆம் வாரத்திலிருந்து, பிறப்புவழிக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதியை எண்ணெய் தொட்ட விரலால் உள்ளிருந்து மெல்ல நீட்டி நீவுவது அது. பெண் தாமே செய்யலாம், கணவரும் செய்யலாம். 4 ஆய்வுகளையும் 2,497 பெண்களையும் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, முதன்முறையாகப் பிறப்புவழியாகக் குழந்தை பெறும் பெண்களுக்கு இதனால் தையல் தேவைப்படும் காயம் குறைகிறது என்று கண்டது. குறைந்தது பெரும்பாலும் மருத்துவர் கத்தரியால் வெட்டித் திறக்கும் நிலை. இங்கே தொடும் விரலும் தொடப்படும் தசையும் ஒரே உடலுக்குரியவை. ஒரு கை மறு கையைத் தொடும்போது எது தொடுவது, எது தொடப்படுவது என்று நிலைமாறிக்கொண்டே இருப்பதைத் தத்துவவாதி ஹுசர்லும், அவரைத் தொடர்ந்து 1945-இல் 'புலன்காட்சியின் நிகழ்வியல்' எழுதிய மெர்லோ-பொந்தியும் விரிவாக ஆராய்ந்தார்கள். இருவரும் எடுத்துக்கொண்டது கைகளையே. நீவும் விரல் எரிச்சலை எதிர்கொள்கிறது, தசை முதலில் இறுகுகிறது, விரல் நிற்கிறது, மூச்சு வெளியேறும்போது தசை இடம்கொடுக்கிறது, விரல் மறுபடி நகர்கிறது. காட்டுவதும் அறிவதும் ஒருவருக்குள்ளேயே மாறி மாறி நடக்கின்றன. அடிக்கடி செய்தால் பலன் கூடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அந்த மதிப்பாய்வின் முடிவுகள் அப்படிக் காட்டவில்லை. வாரத்துக்கு ஓரிரு முறை செய்தவர்களே அதிகம் பயன்பெற்றிருந்தார்கள்.